சுண்ணாம்பிலிருந்து சான்றிதழுக்கு: சென்னையில் 'பசுமைக் கட்டடம்'

1

தமிழ்நாட்டில் 'பசுமை' என்ற அடைமொழி கட்டடங்களுக்கு இரண்டு வழியாக வந்து சேர்ந்தது. ஒன்று கிராமத்து வழி. 2011இல் தமிழக அரசு அறிவித்த 'சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள்' திட்டம். 300 சதுர அடி, கான்கிரீட் கூரை, வீட்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், சூரிய மின்சாரத்தில் எரியும் 5 விளக்கு, ஆண்டுக்கு 60 ஆயிரம் வீடு என்பது கணக்கு. இன்னொன்று நகரத்து வழி. 2001இல் இந்தியத் தொழிற் கூட்டமைப்பு ஏற்படுத்திய இந்தியப் பசுமைக் கட்டட மன்றமும், அமெரிக்காவிலிருந்து அது வாங்கிவந்த 'லீட்' என்ற மதிப்பெண் முறையும். ஐதராபாத்தில் அந்தக் கூட்டமைப்பு கட்டிய மையம் 2003இல் 'பிளாட்டினம்' சான்று பெற்றதிலிருந்து இந்த வழி அகலமாகிக்கொண்டே போகிறது.

ஊர்ப்பக்கம் ஒருவரிடம் 'பசுமை வீடு' என்று சொல்லிப் பாருங்கள், 'லிஸ்ட்ல பேரு வந்துடுச்சா?' என்று கேட்பார். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கிறவரிடம் சொன்னால், அலுவலக வரவேற்பறைச் சுவரில் பதித்திருக்கும் கண்ணாடிப் பட்டயத்தைக் காட்டுவார். ஒரே சொல், இரண்டு வர்க்கம். இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாத இடத்தில்தான் நகரத்தின் பசுமைச் சொல்லாடல் நடந்துகொண்டிருக்கிறது.

வளர்கிற நகரத்தில் பசுமைக் கட்டடம் ஏன் பரவவில்லை என்று கேட்டால் வல்லுநர்கள் சொல்லும் பதில் நமக்குப் பழகிவிட்டது. விழிப்புணர்வு போதாது, முதலீடு அதிகம், சலுகை குறைவு. இந்தப் பதில் பொய்யில்லை, ஆனால் வரலாறற்றது. சென்னையில் சென்ற நூறு ஆண்டுகளில் கட்டும் முறை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தலைகீழாக மாறியிருக்கிறது. ஓடும் ஓலையும் சுண்ணாம்பும் போய் கான்கிரீட் வந்தது. மொட்டைமாடி மழைநீரைத் தெருவில் விட்ட நகரம் அதைக் குழிக்குள் விடப் பழகியது. இவற்றில் எதற்கும் விழிப்புணர்வு முகாம் மட்டுமே காரணமாக இருக்கவில்லை. எனவே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடலாம். எது, யார் கையால், யாருக்காகப் பரவியது? பசுமை என்று எது எண்ணப்படுகிறது? எது எண்ணிக்கைக்கு வெளியே தள்ளப்படுகிறது?

2

சென்னையின் பழைய வீடுகளில் இன்றும் நிற்கிற 'மெட்ராஸ் டெரஸ்' தளத்திலிருந்து தொடங்கலாம். தேக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, சாய்வரிசையில் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டுவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனத்த படுகை. அதை மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்க வேண்டும். அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கடைசியாகத் தட்டோடு. சாந்தில் கடுக்காய் ஊறவைத்த நீரும் வெல்லமும் சேரும். சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பில் பூசித் தேய்த்த பளபளப்பை ஐரோப்பியப் பயணிகள் பளிங்கோடு ஒப்பிட்டு எழுதினார்கள். 'மெட்ராஸ் சுண்ணம்' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். சூளை என்ற பேட்டையும், கோவிலம்பாக்கத்துப் பக்கம் சுண்ணாம்பு கொளத்தூர் என்ற ஊரும் இந்தத் தொழிலைப் பெயரில் வைத்துக்கொண்டு இன்னும் இருக்கின்றன.

இன்றைய மதிப்பெண் தாளை எடுத்துவைத்தால் இந்தத் தளம் நிறைய மதிப்பெண் வாங்கும். பக்கத்துப் பொருள். சிமென்ட் இல்லை. வெயிலை மெதுவாக உள்வாங்கி மெதுவாக விடும் கனம். இடித்தால் உத்திரம் மறுபடி விற்பனைக்கு. அப்புறம் ஏன் செத்தது?

'நம் முன்னோர் அறிவை மறந்தோம்' என்ற புலம்பல் இங்கே உதவாது. தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் புலம்பல் ரொம்பவும் சௌகரியமானது. உடனே நெடுநல்வாடையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். நண்பகல் நிழல் பார்த்து, நூல் பிடித்து, திசை கணித்து அரண்மனை வகுத்ததை அந்தப் பாட்டு சொல்கிறது. வேனிலுக்கு ஒரு படுக்கை இடம், கூதிருக்கு வேறொன்று என்ற வசதியையும் சொல்கிறது. தட்பவெப்பம் அறிந்த கட்டடக்கலை, சந்தேகமில்லை. அதே பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை எயினர் குடியிருப்பைச் சொல்கிறது. அது ஈந்தின் இலையால் வேய்ந்த குடிசை. பொருளை மட்டும் பார்த்தால் அரண்மனையைவிட எயினர் குடிசைதான் பசுமை. அந்தப் பசுமைக்கு யாரும் ஆசைப்பட்டதில்லை. முன்னோர் என்று பொதுவாகச் சொல்லும்போது எந்த முன்னோர் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மெட்ராஸ் டெரஸ் செத்த காரணங்கள் மண்ணளவில் எளியவை. பர்மாத் தேக்கு அருமையாகி விலை ஏறியது. சாந்து அரைப்பதும் தளம் அடிப்பதும் நாள் பிடிக்கும் வேலை; கூலி கூடக் கூட அந்த நாள்கள் செலவாகத் தெரிந்தன. தளத்தின் மேல் தளம் ஏற்ற வேண்டிய நகர நிலவிலை வந்தது. உத்திரம் அந்தப் பாரத்துக்கு ஆனதில்லை. 1904இல் சென்னையிலேயே கடற்கிளிஞ்சலை வைத்து சிமென்ட் செய்யும் முயற்சி நடந்து தோற்றுப்போனது. இந்தியாவில் சிமென்ட் செய்யும் முதல் முயற்சிகளில் அதுவும் ஒன்று. சுண்ணாம்பை சிமென்ட் வென்றது பிறகுதான், 1930களில் மதுக்கரையும் டால்மியாபுரமும் வந்தபோது. 1959இல் அண்ணாசாலையில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் எழுந்தபோது நகரத்தின் கனவு எந்தப் பொருளில் என்பது முடிவாகிவிட்டது.

டால்மியாபுரம் என்றதும் நமக்கு 1953 நினைவுக்கு வரும். வடநாட்டு முதலாளியின் பெயரை எடுத்துவிட்டுக் கல்லக்குடி என்று மாற்றச் சொல்லி தி.மு.க. தண்டவாளத்தில் படுத்த போராட்டம். அந்தப் போராட்டம் சிமென்ட் ஊரின் பெயரோடுதான் சண்டை போட்டது, சிமென்ட்டோடு போடவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிமென்ட்டோடு சண்டை போடாததற்கு நியாயமான சமூகக் காரணம் இருந்தது என்பதே என் வாதம்.

3

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தென் திருவிதாங்கூரில் நாடார்கள் ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்பது வழக்கச் சட்டம். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்ற வரிசையில் இதுவும் ஒன்று. ஆக, கூரையின் பொருளும் சுவரின் உயரமும் சாதி அதிகாரம் நேரடியாக எழுதப்பட்ட பிரதி. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். ஓலைக்கூரை 'சூழலுக்கு இசைவானது' என்று எழுதும் கட்டுரையாளர் இந்தத் தேதியையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். சென்னைக் குடிசைப் பகுதிகளுக்குக் கோடை என்பது தீ விபத்துக் காலம்.

1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்து கடற்கரைக் குப்பங்களில் மாடிக் குடியிருப்புகள் எழும்பியபோது, அங்கே போனவர்களுக்குக் கிடைத்தது எரியாத கூரை. தன்மானத்தின் பருப்பொருளாகவே கான்கிரீட் தமிழ்நாட்டில் பரவியது. 'மச்சு வீடு' என்ற சொல்லில் இருக்கிற கர்வத்தை எந்த வெப்பக் கடத்தல் கணக்கும் அளக்காது. 2011இன் அரசுத் திட்டம் கான்கிரீட் வீட்டையே 'பசுமை வீடு' என்று அழைத்ததை முரண் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஓலையிலிருந்து வெளியேற நினைத்தவரிடம் வேறு எதைக் கொடுத்திருக்க முடியும் என்ற கேள்விக்குச் சிரிக்கிறவர் பதில் சொல்ல வேண்டும்.

பதில் ஒன்று இருந்தது என்பதும் உண்மை. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் 1970களிலேயே வளர்ச்சி ஆய்வு மையத்தை செங்கல் ஜாலிச் சுவர்களோடு கட்டிக் காட்டினார். எலிப்பொறிக் கட்டு என்று அவர் பரப்பிய முறை, செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டு அடுக்குவது. ஏறத்தாழ கால்பங்கு செங்கல் மிச்சம், உள்ளே சூடும் குறைவு. ஆரோவில்லில் 1989 தொடங்கி 5 விழுக்காடு மட்டும் சிமென்ட் கலந்து அழுத்திய மண்கட்டிகளில் வளைவும் குவிமாடமும் எழுப்பினார்கள். எரியாத, ஒழுகாத, சிமென்ட் குறைந்த வீடு சாத்தியம் என்பதை இரண்டும் நிரூபித்தன. ஆனால் சென்னையில் இவை என்ன ஆயின? முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். இன்னொரு பக்கம், கடற்கரைச் சாலையில் வசதியுள்ளவர்களின் வாரக் கடைசி வீடுகள். ஒன்று அருங்காட்சியகம், ஒன்று ரசனை. நடுவில் இருக்கும் நகரத்துக்கு அது வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை? பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் வழக்கமான இனமாக இல்லாத வேலைக்கு மதிப்பீடு போட முடியாது. மதிப்பீடு இல்லாமல் டெண்டர் கிடையாது. கடன் கொடுக்கும் வங்கியின் மதிப்பீட்டாளர் மண்கட்டி என்றால் முகம் சுளிப்பார். கட்டடக் கலைஞருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் கூலி பெரும்பாலும் மொத்தச் செலவில் இத்தனை விழுக்காடு என்று இருக்கிறபோது, செலவைக் குறைக்கிற முறை அவர்கள் வயிற்றில் அடிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கை. ஒரு தலைமுறைக் கொத்தனார்கள் சுண்ணாம்பை மறந்தபின் அதைத் திரும்பக் கொண்டுவர அறிவுரை போதாது. பத்து வீடாவது கட்டிப் பழகிய மேஸ்திரி வேண்டும். 'எனக்குப் பழக்கமில்லீங்க, நாளைக்கு ஒழுகினா யாரு பதில் சொல்றது?' என்று கேட்கிற கொத்தனாரின் அச்சம் பகுத்தறிவானது. அவரைப் பழமைவாதி என்று ஒதுக்க முடியாது.

சிமென்ட் கட்டுப்பாடு 1982இல் பாதியும் 1989இல் முழுதும் நீங்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெர்மிட்டுக்கு அலைந்த பொருள் தெருமுனைக் கடையில் மூட்டையாக வந்து நின்றது. பேக்கர் முறை தட்டுப்பாட்டுக் காலத்தின் விவேகம்; தட்டுப்பாடு போனதும் விவேகத்துக்கான பொருளாதார நெருக்கடியும் போய்விட்டது.

4

இனி, பரவிய ஒன்றைப் பார்ப்போம். 2003 ஜூலையில் தமிழக அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பழையது, புதியது, அரசு, தனியார் என்ற வேறுபாடில்லாமல் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு. ஆகஸ்ட் 31 கெடு. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும். கெடு பிறகு சற்று நீண்டது. அந்தச் சில மாதங்களில் சென்னையில் பி.வி.சி. குழாய் விற்ற வேகத்தை அப்போது நகரத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தியப் பெருநகரங்களில் கட்டடம் சார்ந்த சூழலியல் நடவடிக்கை ஒன்று இவ்வளவு வீடுகளைத் தொட்டது அபூர்வம். அதில் சேர்ந்திருந்தவை மூன்று. தேவை: குழாயில் தண்ணீர் வராத வறட்சி, லாரிக்குக் குடம் வரிசை. பயம்: இணைப்பு போய்விடும். கைக்கு எட்டுகிற வேலை: எந்தத் தெருப் பிளம்பரும் ஒரு நாளில் செய்யக்கூடியது, சான்றிதழ் வேண்டாம், ஆலோசகர் வேண்டாம். இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்த வேறொரு பசுமை நடவடிக்கை இந்த நகரத்தில் வரவில்லை.

குறையும் இருந்தது. கெடுவுக்காகப் போட்ட குழாய்கள் பல மண்ணில் ஓர் அடி இறங்கி நின்றன, குழியே இல்லாமல். போட்டவை தூர்ந்தன, யாரும் தூர்வாரவில்லை. 2005இன் பெருமழைக்குப் பிறகு நிலத்தடி நீர் ஏறியது. மழையின் பங்கு எவ்வளவு, குழியின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, அரசு மறுபடியும் அதே குழிகளைத் தேடி வீடு வீடாக ஆய்வுக்குக் கிளம்பியது. கட்டும்போது பார்ப்பதும் புழங்கும்போது பார்க்காமல் விடுவதும் நம் ஆட்சிமுறையின் நிரந்தர நோய்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் சங்கடமான ஒன்றுண்டு. வெற்றிபெற்ற அந்த நடவடிக்கை மக்கள் இயக்கத்திலிருந்து வரவில்லை, மேலிருந்து வந்த ஆணை. தண்ணீரை வெட்டுவேன் என்ற அதிகாரக் குரல். அதே அதிகாரம்தான், எந்தக் கட்சி ஆண்டாலும், கூவம் அடையாறு கரைகளிலிருந்து மக்களை அள்ளிக்கொண்டுபோய் நகருக்கு வெளியே இறக்கியது. அப்படியானால் பசுமைக்கு சர்வாதிகாரம் வேண்டுமா? வேண்டாம் என்று வாயால் சொல்வது சுலபம். கட்டாயம் என்பது எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுந்தபோது அதை நகரம் ஏற்றுக்கொண்டது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன். போயஸ் தோட்டத்து மாடிக்கும் புளியந்தோப்பு மாடிக்கும் ஒரே சட்டம். வெளியேற்றம் அப்படி விழுவதில்லை.

5

மதிப்பெண் முறை வந்த விதம் இதற்கு நேர் எதிர். அது தன்விருப்பம் சார்ந்தது. விரும்புகிற முதலாளி பணம் கட்டிப் பதிவு செய்து, ஆலோசகரை அமர்த்தி, மதிப்பெண் சேர்த்து, வெள்ளி, தங்கம், பிளாட்டினம் வாங்கலாம். 2007இல் 'கிரிகா' என்ற உள்நாட்டு முறை வந்தது. அது பிறந்தது டெல்லியில், டெரி நிறுவனத்தில்தான். அதே 2007இல் நடுவண் அரசின் எரிசக்திச் சிக்கனக் கட்டட விதிமுறையும் வந்தது. பெரிய வணிகக் கட்டடங்களுக்கானது. மாநிலம் அறிவிக்கும்வரை கட்டாயமில்லை. கட்டாயமாக வேண்டியது விருப்பமாக நின்ற அந்த இடைவெளியில் சான்றிதழ் சந்தை வளர்ந்தது.

சென்னையில் இந்தச் சந்தைக்கு இடம் கொடுத்தது மென்பொருள் பாதை. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. அதே ஆண்டுவாக்கில் ஸ்ரீபெரும்புதூரில் பெரிய கண்ணாடித் தொழிற்சாலையும் வந்தது. சுண்ணாம்பு கிளிஞ்சலுக்குப் பக்கத்தில் வளர்ந்தது போல, கண்ணாடி முகப்பும் கண்ணாடி ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்தது. ஆண்டில் பெரும்பகுதி வெயில் அடிக்கிற ஊரில் கண்ணாடிப் பெட்டி கட்டி, உள்ளே குளிர்சாதனம் ஓட்டி, அந்தக் குளிர்சாதனம் சிக்கனமானது என்பதற்கு மதிப்பெண் வாங்க முடிகிறது. சாளரத்தை மூடி விசிறி போட்டு வேலை பார்க்கிற பழைய அலுவலகம் குறைந்த மின்சாரம் தின்றாலும் அதற்குப் பட்டயம் கிடையாது. அது பதிவு செய்துகொள்ளவில்லை.

பன்னாட்டு நிறுவனம் வாடகைக்கு வரும்போது பட்டயம் கேட்கிறது. அதனால் கட்டுகிறவருக்கு அது லாபம். பல மாநிலங்கள் சான்று பெற்றால் கூடுதல் தளப்பரப்பும் தருகின்றன. அதாவது பசுமையாக இருப்பதற்குப் பரிசு, இன்னும் கொஞ்சம் கட்டிக்கொள்ளலாம் என்பது. அடுக்குமாடிக் குடியிருப்பில் கதை வேறு. கட்டி விற்பவர் சுவரை மெலிசாக்கி மிச்சம் பிடிப்பார். முப்பது ஆண்டு மின்கட்டணம் கட்டப்போவது வாங்குகிறவர். வாடகைக்கு இருப்பவருக்கு இரண்டிலும் பேச்சில்லை. செலவு ஒருவர் தலையில், பலன் இன்னொருவர் கையில் என்று பிரிந்திருக்கும்வரை விழிப்புணர்வு எவ்வளவு வந்தாலும் வீடு மாறாது.

இந்தக் காலத்தின் ஆகச்சிறந்த படிமம் ஓமந்தூரார் தோட்டத்தில் எழுந்த புதிய தலைமைச் செயலகம். ஜெர்மன் கட்டடக் கலைஞர்கள் வரைந்தது. பசுமைச் சட்டமன்றக் கட்டடம் என்று பெருமை பேசப்பட்டது. 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தபோது குவிமாடம் முடியவில்லை; திரைப்படக் கலை இயக்குநர் தோட்டா தரணி போட்ட தற்காலிகக் குவிமாடம்தான் மேலே நின்றது. 2011இல் ஆட்சி மாறியது. செயலகம் கோட்டைக்குத் திரும்பியது. உள்ளே பெயர்த்து மாற்றி 2014இல் அது பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையானது. மருத்துவமனை ஆனது நகரத்து ஏழைகளுக்கு நன்மை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒரு கட்டடம் எத்தனை ஆண்டு எதற்குப் பயன்படும் என்பதே அரசியல் பகைமையில் முடிவாகும் இடத்தில், கட்டும்போது வாங்கிய மதிப்பெண்ணின் பொருள் என்ன? போட்டதை இடித்து மறுபடி போட்ட பொருளின் கணக்கை எந்தத் தாளில் எழுதுவது?

6

மதிப்பெண் தாளின் அடிப்படைத் தர்க்கம் சுற்றுச்சுவர். சுவருக்குள் நடப்பதைத்தான் அது பெரும்பாலும் எண்ணுகிறது. சென்னையின் வரலாறு சுவருக்கு வெளியே நடந்திருக்கிறது.

வடக்கே எண்ணூர். நிலக்கரிச் சாம்பல் கலந்த செங்கல் பசுமைப் பொருள் என்று கணக்கிடப்படுகிறது. மேல்மண்ணைத் தோண்டிச் சுடும் செங்கல்லைவிட அது மேல் என்பதும் சரியே. 1999இல் நடுவண் அரசின் ஆணை, அனல் மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்கிறவர்கள் 25 விழுக்காடு சாம்பல் சேர்க்க வேண்டும் என்றது. ஆனால் சாம்பலின் பெரும்பங்கு எங்கே போனது என்பதைக் கொசஸ்தலை ஆற்றில் வலை வீசுகிறவரிடம் கேட்க வேண்டும். வடசென்னை அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் கசிந்து ஆற்றின் அடியில் படிந்தது. செப்பாக்கம் சாம்பல் குளத்தின் ஓரத்தில் கிடந்தது. தெற்கே எழும் ஒரு கட்டடம் அந்தச் சாம்பலில் கொஞ்சத்தைச் செங்கல்லாக வாங்கி மதிப்பெண் பெறுகிறது. அதே கட்டடத்தின் குளிர்சாதனம் ஓடுவதற்காக எரித்த கரியின் சாம்பல் எண்ணூரில் மிஞ்சுகிறது.

தெற்கே பள்ளிக்கரணை. ஒரு காலத்தில் 5,000 எக்டேருக்கு மேல் பரந்த சதுப்பு; மிஞ்சியது அதில் மிகச் சிறு பங்கு. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சதுப்பை விழுங்கியவர்களில் குப்பைமேடு உண்டு, சாலை உண்டு, மென்பொருள் வளாகம் உண்டு, ஆய்வு நிறுவனங்கள் உண்டு. காற்றாலை ஆற்றலுக்கான தேசிய நிறுவனமே அந்தச் சதுப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பசுமை ஆற்றலை ஆராய நீர்நிலத்தை நிரப்பினோம். 2015 டிசம்பரில் தண்ணீர் தன் பழைய இடத்துக்குத் திரும்பியபோது, பட்டயம் உள்ள வளாகம், இல்லாத வளாகம் என்று பார்த்து நுழையவில்லை.

அந்தச் சதுப்பைச் சுற்றித்தான் 2000 தொடங்கி கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கு மேல் வீடுகள். அகற்றியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று ஆற்றைச் சுத்தப்படுத்துதல், அதாவது சூழலியல். பெரும்பாக்கத்தில் 2022 மே 26 அன்று பிரதமர் திறந்துவைத்த 1,152 வீடுகள் முன்வார்ப்புக் கான்கிரீட்டில் விரைவாக எழுந்தவை; தொழில்நுட்ப முன்மாதிரி என்று காட்டப்பட்டவை. அங்கே மேல்தளத்தில் குடியிருக்கிற, வீட்டுவேலைக்கு மயிலாப்பூர் போய்வருகிற பெண்ணின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முன்பு நடந்துபோன வேலைக்கு இப்போது இரண்டு பேருந்து. இந்தப் பயணத்தின் எரிபொருள் எந்தக் கட்டடத்தின் செலவு? அவர் வீட்டுத் தளத்தின் இரவு நேரச் சூட்டை அளக்க எந்த ஆலோசகர் வருகிறார்?

மக்களைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, அவர்கள் இருந்த இடத்தில் எழும் எந்தக் கட்டடமும் பசுமையாகாது. இதை உணர்ச்சியில் சொல்லவில்லை, எளிய கூட்டல் கணக்கில் சொல்கிறேன்.

7

தொகுத்துப் பார்த்தால் வரலாறு சொல்வது குழப்பமானதாக இல்லை. எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுகிற கட்டாயமும், உடனடித் தேவையும், தெருக் கொத்தனாரின் கைக்கு எட்டும் வேலையும் சேர்ந்த இடத்தில் பசுமை பரவியது. பட்டயமாக, ரசனையாக, அருங்காட்சியகமாக வந்த இடங்களில் பரவவில்லை. கான்கிரீட்டை ஏழைகள் அறியாமையால் தேர்ந்தெடுக்கவில்லை; கூரை தந்த அவமானத்திலிருந்தும் தீயிலிருந்தும் வெளியேறத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வெளியேற்றத்தை மதிக்காத சூழலியல், மேட்டுக்குடிச் சூழலியலாகவே முடியும்.

எனவே நம் கோரிக்கைகளும் வேறு இடத்தில் வைக்கப்பட வேண்டும். பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் எலிப்பொறிக் கட்டும் மண்கட்டியும் சுண்ணாம்புப் பூச்சும் வழக்கமான வேலைகளாக ஏற வேண்டும். அரசு கட்டும் பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் முதலில் அவை வர வேண்டும். அங்கேதான் மேஸ்திரிகளும் சித்தாள்களும் கூலி வாங்கிக்கொண்டே பழகுவார்கள். தளத்தின் சூட்டைக் குறைக்கும் வேலை வாரியக் குடியிருப்புகளின் மேல்மாடியிலிருந்து தொடங்க வேண்டும். ஏனென்றால் வெயில் அங்கேதான் முதலில் இறங்குகிறது, குளிர்சாதனம் அங்கேதான் கடைசியாக வரும். 'இது ஏழைக்கு' என்று முத்திரை குத்திய மண்வீடு எந்தச் சேரியிலும் வேண்டாம். அமைச்சர் வீடும் அதே கட்டியில் எழட்டும், பிறகு பேசலாம். சான்றிதழ் என்று ஒன்று இருந்தால், அது குடிபுகுந்து சில ஆண்டு கழித்து வந்த மின்கட்டண ரசீதையும் தண்ணீர் லாரிக் கணக்கையும் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும். அந்த நிலம் ஏரியா, சதுப்பா, அங்கே யார் இருந்தார்கள், எங்கே அனுப்பப்பட்டார்கள் என்பது தாளின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இதெல்லாம் கட்டடக் கலைஞர்கள் பாடு என்று எழுத்தாளர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 'பசுமை' என்ற சொல்லைப் பட்டயக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய் இருபது ஆண்டுக்கு மேலாகிறது. சொல்லைத் திரும்பக் கேட்பது நம் வேலையும்கூட. கேட்கும்போது, செப்பாக்கத்துக்காரரும் பெரும்பாக்கத்து மேல்மாடிப் பெண்ணும் தளம் அடிக்கும் சித்தாளும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.